மூன்று புள்ளியா, இரண்டா

எட்டாம் வகுப்பில் ஒரு மாதம் முழுக்க நான் என் சித்தப்பாவிடம் பேசவில்லை. அவர் வேறொரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். வேங்கிக்கால் மைதானத்தில் எங்கள் பெண்கள் அணி ஆடிய கூடைப்பந்து இறுதிப் போட்டிக்கு அவர்தான் நடுவர்.

ஆட்டம் முடிய மூன்றே விநாடி. நாங்கள் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்து என் கைக்கு வந்தது. வளைகோட்டுக்கு வெளியே நின்று எம்பி எறிந்தேன். பந்து கூடைக்குள் விழுந்தது, நான் கோட்டுக்கு உள்ளே வந்து இறங்கினேன். வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி. ஜெயித்துவிட்டோம் என்று தோழிகள் என்மேல் பாய்ந்தார்கள்.

சித்தப்பா இரண்டு விரலைக் காட்டினார்.

"சார், வெளிய இருந்துதான் எம்புனேன்!" மைதானத்தில் அவர் எனக்கும் சார்தான்.

"காலு உள்ள இருக்குது பாரு. ரெண்டுதான். போ."

சமநிலை. கூடுதலாகக் கொடுத்த ஐந்து நிமிடத்தில் அழுகையில் எனக்குக் கூடையே தெரியவில்லை. தோற்றோம்.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர் முன்னால் மண்டியிட்டு, சாக்பீஸால் தரையில் வளைகோடு வரைந்தேன். எம்பும்போது கால் எங்கே இருந்தது என்பதுதான் கணக்கு, இறங்குகிற இடம் இல்லை என்று கத்தினேன்.

"ரூல் தெரியாம எதுக்கு விசில் ஊதுறீங்க?"

சித்தி பதறிப்போய் என் வாயைப் பொத்த வந்தாள். "விடு, பேசட்டும்" என்றார் சித்தப்பா. பிறகு என்னிடம், "இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார். மரமண்டைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

நான் கல்லூரியில் படிக்கும்போது சித்தி ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள்: "அன்னிக்கு பாதி ஆட்டத்துலயே எதிர் டீம்காரங்க வந்து, அண்ணன் பொண்ணு ஆடுற மேட்ச்சுக்கு நீங்க எப்படி சார் நியாயமா ஊதுவீங்கனு கேட்டுட்டாங்களாம். பேரு கெட்டுடுமேனு பயந்துட்டாரு."

அப்போது வந்த கோபம் இன்றும் தணியவில்லை. தன் நல்ல பெயருக்காக, மழையிலும் வெயிலிலும் பயிற்சி எடுத்த ஒரு அணியின் வெற்றியைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். பதின்மூன்று வயதில் எனக்கு அது தெரியவில்லை. தரையில் கோடு போட்டு நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டில் விதியை என்னைவிட நன்றாக அறிந்தவர் அவர்தான்.