யோகராஜும் தொண்ணூற்றேழு பாகையும்

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் யோகராஜ் இருக்கிறார். வயது ஐம்பத்தைந்து. கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் படமாக்குவது தொழில். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர்களின் தாலிகட்டையும் நிக்காஹ்வையும் பார்த்து வருவதில், மாப்பிள்ளை சிரிக்கிற விதத்தை வைத்தே காலில் சப்பாத்து கடிக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

வாங்கிய எந்தப் பொருளிலிருந்தும் அவர் பொலித்தீனைக் கழற்றுவதில்லை. ரீவி ரிமோட் ஒன்பது வருடமாக உறைக்குள் இருக்கிறது. எழுத்துகள் தெரியாது, தடவித்தான் அமத்த வேண்டும். சோபாவிலிருந்து எழும்பும்போது உறை போடுகிற சத்தத்துக்கு, வந்தவர்கள் தாங்களாகவே மன்னிப்புக் கேட்பார்கள்.

இந்தப் பங்குனியில் அவருடைய கணினிக்குச் சூடு பிடித்தது. மாளிகாவத்தை ஹமீமாவின் மகளுடைய கலியாணப் படம் உள்ளே இருந்தது. துண்டுகளையெல்லாம் சேர்த்து ஒரே படமாக்க மூன்று மணித்தியாலம் வேண்டும். வேலை நூற்றுக்கு நாற்பது வீதம் முடியும்போது புரொசெசர் தொண்ணூற்றேழு பாகையைத் தொடும். திரை கறுத்து, கணினி தானாக நின்றுவிடும். பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் ஹெந்தளையிலிருந்து ஹமீமாவின் வீட்டுக்குப் படம் பார்க்க வருகிறார்கள். இரண்டு தடவை தவணை சொல்லியாயிற்று. மூன்றாவது தடவை சொல்ல யோகராஜுக்கு முகமில்லை.

வெள்ளிக்கிழமை கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றி, வீட்டிலிருந்த ஒரே நிற்கும் ஃபானை அதன் முன்னால் வைத்தார். மனைவி உஷாந்தி பழைய கலண்டர் மட்டையால் விசிறிக்கொண்டு சோறு சாப்பிட்டாள்.

"தொண்ணூற்றிநாலு," என்றார் யோகராஜ் திரையைப் பார்த்து.

"காய்ச்சலுக்குப் பனடோல் ஒண்டு குடுங்கோவன்."

"பகிடி விடாதை. தொண்ணூற்றியாறு."

"எனக்கு எத்தினை எண்டு ஒருக்கா அளந்து பாருங்கோ. நான் கறுத்து நிக்கப் போறன்."

சனிக்கிழமை பம்பலப்பிட்டியில் நபீஸின் கணினிக் கடைக்குப் போனார். நபீஸ் முப்பது வயதுக்காரன். புரொசெசரின் சூட்டை இறக்குகிற பழைய சின்னக் கூலரின் படத்தைப் போனில் பார்த்துவிட்டு, "அண்ணன், இது லொறிக்கு சைக்கிள் பிரேக் போட்ட மாதிரி ஈக்கி," என்றான். அடியில் செம்புத் தகடும் மேலே அலுமினிய அடுக்குகளுமாக, இளநீர்க் கோம்பை அளவில் ஒரு கூலரை எடுத்துக் கொடுத்தான். செம்புக்கும் புரொசெசருக்கும் இடையில் பூசச் சின்னக் குழாயில் பேஸ்டும் கொடுத்தான்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு யோகராஜ் கூலரை வெளியே எடுத்தார். செம்புத் தகட்டின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பொலித்தீன் ஒட்டியிருந்தது. பொருத்துமுன் கழற்றவும் என்று அதிலேயே சிவப்பில் அச்சடித்திருந்தது. அவர் வாசித்தார். மைக்ரோவேவ் கதவிலும் இப்படித்தான் எழுதியிருந்தது. பொருளைப் பாவிக்கத் தெரியாதவர்களுக்கு எழுதுவது அது. செம்பில் கீறல் விழாமல் இருக்கட்டும் என்று, பொலித்தீனுக்கு மேலேயே பேஸ்டைப் பூசி, நான்கு திருகையும் இறுக்கினார். பாதிப் பேஸ்ட் மிச்சம் பிடித்ததில் அவருக்குத் திருப்தி.

இந்த முறை ஏழு வீதத்திலேயே திரை கறுத்தது.

மணி ஒன்பதரை. யோகராஜ் நபீஸுக்கு வீடியோவில் அழைப்பு எடுத்தார். உஷாந்தி போனைப் பிடித்துக் காட்டினாள்.

"தம்பி, நீர் தந்த சாமான் சரியில்லை."

"கூலர் ஃபான் சுத்துதா அண்ணன்?"

"சுத்துது."

"திருகு?"

"இறுக்கினாச்சு."

"அடியில ஒட்டியிருந்த பொலித்தீன்?"

யோகராஜ் ஃபானைப் பார்த்தார்.

"அண்ணன், அதக் கழட்டினீங்கதானே?"

"அது பழுதாகாமல் கிடக்கட்டும் எண்டு..."

போன் ஆடியது. உஷாந்தி சிரித்ததில் நபீஸுக்கு வீட்டுக் கூரைதான் தெரிந்தது.

"சூடு செம்புக்குப் போனாத்தானே அண்ணன் வெளிய போகும். நீங்க நடுவுல ரெயின்கோட் போட்டு உட்டீக்கிறீங்க. கழட்டுங்க, நான் லைன்ல ஈக்கிறன்."

யோகராஜ் கூலரைத் திரும்பக் கழற்றி மடியில் வைத்தார். பொலித்தீனின் ஒரு மூலையை நகத்தால் நெம்பி, பிறகு விட்டார். "கழற்றினால் இனித் திருப்பி ஒட்டேலாது," என்றார்.

"ஏன், ஆருக்கும் விக்கப் போறியளோ? மணி பத்தாகுது. இல்லாட்டி நீங்களே ஐஞ்சு மணிக்கு மாளிகாவத்தைக்குப் போய், அவையளுக்கு முன்னாலை மாப்பிள்ளை மாதிரி நடிச்சுக் காட்டுங்கோ," என்றாள் உஷாந்தி.

யோகராஜ் கண்ணை மூடிக்கொண்டு உரித்தார். பொலித்தீன் சளக்கென்று ஒரே இழுவையில் வந்தது. மிச்சம் பிடித்த பேஸ்டைப் பூசிப் பொருத்தினார். ஐம்பத்தெட்டு பாகை. பதினைந்து வீதம், நாற்பது, அறுபது. வெளியில் வெயில் கொளுத்தியது, உள்ளே அறுபத்தொன்றுக்கு மேல் ஏறவில்லை. உஷாந்தி ஃபானைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டாள். ஒன்றரை மணிக்குப் படம் முடிந்தது. நான்கு மணிக்குப் பென்டிரைவை ஹமீமாவின் கையில் கொடுத்துவிட்டு, யோகராஜ் த்ரீவீலில் ராசா மாதிரி வீடு திரும்பினார்.

ஆறரைக்கு ஹமீமா அழைத்தாள்.

"யோகராஜ் அண்ணன், படம் நல்ல வடிவாம். எல்லாரும் பாத்தாங்க."

"சந்தோசம் தங்கச்சி."

"மாப்பிள்ளட உம்மாக்கு மட்டும் கொஞ்சம் மனசு சரியில்ல. அவ மூணு எடத்துலதான் வாறாவாம். மூணுலயும் சஹன்ல கைய உட்டுச் சாப்பிடுறாவாம்."

பலர் சுற்றியிருந்து ஒரே பெரிய தட்டில் சாப்பிடுகிற அந்தச் சஹன் காட்சிகள் யோகராஜுக்கு நன்றாக நினைவிருந்தன. மூன்றாவதில் அந்த அம்மா அடுத்தவருடைய கோழித் துண்டையும் எடுக்கிறார். அழகாக வந்திருக்கிறதென்று யோகராஜ்தான் சேர்த்தார்.

"நாளைக்குக் காலைல மகளும் மாப்பிள்ளையும் கட்டார் போறாங்க. அதுக்குள்ள கொஞ்சம் மாத்தித் தருவீங்களா? மெஷின் சூடாகுது எண்டு முந்திச் சொன்னீங்க. இப்ப சரிதானே?"

யோகராஜ் திரையைப் பார்த்தார். நாற்பத்தொன்பது பாகை என்று காட்டியது.

"இப்ப சரிதான் தங்கச்சி," என்றார். கதிரையை இழுத்துப் போட்டு, மாப்பிள்ளையின் தாயார் ஒன்றும் சாப்பிடாமல் நிற்கிற இடமொன்றைத் தேடத் தொடங்கினார்.