கையைத் தூக்கிக் காட்டியவன்

நம்பாவிட்டால் போங்கள், எனக்கொன்றும் நட்டமில்லை. இதை நான் என் கண்ணால் பார்த்தேன். அதுவும் பட்டப்பகலில், பக்கத்து மண்டபத்தில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போது.

செத்தவன் கடற்படை விமானி. நெஞ்சு நிறையப் பதக்கம். எரிகிற விமானத்தைப் புயலில் கப்பல்மேல் இறக்கினானாம். அவனா இறக்கினான்? விமானத்தின் வாலடியில் இருக்கும் இரும்புக் கொக்கி கப்பல் தளத்தில் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்து இழுத்து நிறுத்தியது. பதக்கத்தைக் கொக்கிக்குக் குத்தியிருக்க வேண்டும்.

அதே கொக்கிதான் என் தங்கை புருஷனைக் கொன்றது.

கப்பலில் ஒரு வழக்கம் உண்டு. விமானத்துக்கு அடியில் ஆள் வேலை செய்தால், மேலே இருப்பவன் இரண்டு கையையும் தூக்கிக் காட்ட வேண்டும். விசை எதையும் தொடவில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகுதான் மெக்கானிக் குனிவான். மச்சானும் பார்த்துவிட்டுத்தான் குனிந்தான். அந்த நேரம் பார்த்து ஒருத்தன் கேமராவோடு வந்தான். நம் மாவீரன் கையை இறக்கி, கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்து, பல்லைக் காட்டினான். முழங்கை விசையில் பட்டது. கொக்கி விழுந்தது.

விசாரணையில், "கையை இறக்கவே இல்லை" என்றான். மச்சானின் கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள். மச்சானோடு அதே வேலை செய்த, முன் சக்கரத்தருகே நின்று எல்லாம் பார்த்த என் பேச்சு எடுபடவில்லை. படிக்காதவன் பேச்சு.

இப்போது அவனுக்கு நினைவுக் கூட்டம். அவனோடு வேலை செய்தவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான். இரண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டார்கள். தங்கையும் வந்தாள்.

"அண்ணா, இன்னிக்காவது அவர் மேல தப்பில்லன்னு சொல்லுவியா?"

"சொல்றேன்."

"மைக்கப் புடுங்கிடுவாங்க."

"புடுங்கட்டும். வாயையுமா புடுங்குவாங்க?"

நாலு மணிக்குச் செயலாளர் ஓடி வந்தார். கையில் மலர்வளையம்.

"பெரியவரே, பக்கத்துக் கூடத்துல அவரோட விமானம் நிக்குது. அந்தக் கொக்கிக்குக் கீழ இத வெச்சிட்டு வந்துடுங்க. அடுத்து நீங்கதான் பேசணும்."

போனேன். கூடத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. மண்டபத்தில் எவனோ மைக்கில் அவன் புகழை அலறிக்கொண்டிருந்தான். வழவழவென்ற பளிங்குத் தரையில் விமானம் தலைகீழாகத் தெரிந்தது.

குனியப் போனேன்.

டக்... டக்...

மேலே விமானியின் கண்ணாடிக் கூண்டில் யாரோ விரலால் தட்டுகிற சத்தம்.

நிமிரவில்லை. தரையைத்தான் பார்த்தேன். விமானி உட்காரும் இடத்தில்... இரண்டு கைகள். வெள்ளைக் கையுறை. தலைக்கு மேலே தூக்கியபடி.

தலை இல்லை.

என் உடம்பு பழகின உடம்பு. கையைக் கண்டதும் தானாகக் குனிந்தது. பாதித் தோள் கொக்கிக்கு அடியில் போய்விட்டது.

அப்புறம்தான் உறைத்தது.

"உன் கைய நம்பி ஒருத்தன் போனது போதும்டா, நாயே!"

பின்னால் தாவி, மலர்வளையத்தை மட்டும் உள்ளே வீசினேன்.

தரையில்...

கைகள் இறங்கின.

மெதுவாக.

படார்!

திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். மைக்கின் அலறலில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. நேரே மேடையேறி, மைக்கைப் பிடித்து, மச்சான் செத்த கதையை ஒன்று விடாமல் சொன்னேன். மைக்கைப் பிடுங்க எவனும் வரவில்லை. தங்கை எழுந்து நின்று, முகத்தை மூடாமல் அழுதாள்.

மறுநாள் கூடத்து வெல்டர் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

"கொக்கி விழ வழியே இல்ல, பெரியவரே. விமானம் இங்க வந்த அன்னிக்கே நான்தான் வெல்டிங் வெச்சேன். பாருங்க."

கொக்கி மேலேதான் இருந்தது. வெல்டிங் விடவில்லை. பெயிண்டில் ஒரு கீறல் இல்லை.

கீழே பளிங்கு பிளந்து கிடந்தது. அந்தப் பிளவுக்குள், ஒரு முழ ஆழத்தில், நசுங்கிய மலர்வளையம்.