முன்தோல் இறுக்கமும் என் பொய் விரதமும்

மார்கழி மாதத்துக் காலை ஒன்றில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸின் பொதுக் கழிப்பறையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சிறுநீர் எரிந்தது. குனிந்து பார்த்தால், ஆண்குறியின் முன்தோல் நுனியில் வெடித்து வீங்கியிருந்தது. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. ரயில்வே ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி வேலை.

இதே தொல்லையில் இருப்பவர்கள் யாரிடமும் சொல்லமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் சொல்லவில்லை. அந்தக் கூத்தைத்தான் எழுதுகிறேன்.

மனைவி கமலத்திடம் சொல்ல வெட்கம். நல்லவேளையாக அது தைப்பூச விரதக் காலம். தனிப் பாய், உப்பில்லாத ஒருவேளைச் சாப்பாடு, தாம்பத்தியம் கிடையாது. பூசம் முடிந்தது. புண் ஆறியது, வெடித்தது, மறுபடி ஆறியது. ஒவ்வொரு தடவையும் தோல் இன்னும் இறுகியது. பங்குனி உத்திரத்துக்கும் வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். அப்புறம் வைகாசி விசாகம். அப்புறம் ஆடிக் கிருத்திகை. முருகனுக்கு இத்தனை விசேஷங்கள் இருப்பது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

குவார்ட்டர்ஸில் என்னைச் சாமி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருநாள் அடுத்த வீட்டு எஞ்சின் டிரைவர் காலில் விழுந்தார்.

"சாமி, புள்ளைக்குக் காய்ச்சல். உங்க கையால துன்னூறு போடுங்க."

போட்டேன். காய்ச்சலும் விட்டுத் தொலைத்தது. சாமியான பிறகு ஆஸ்பத்திரியில் போய் எப்படி வேட்டியை அவிழ்ப்பது?

ஆடியில் சிறுநீர் நூலாக வந்தது. பயம் வந்ததும் வெட்கம் ஓடிவிட்டது. எங்கள் பக்கத்திலேயே இருந்த யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவரிடம் போனேன். அவர் முதலில் சிறுநீரில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. களிம்பு கொடுத்து, வெதுவெதுப்பான நீரில் கழுவி, வலிக்காத அளவுக்குத் தோலைத் தளர்த்திப் பழகச் சொன்னார். பலருக்கு அதுவே போதுமாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்தார். நுனியில் வெள்ளை வளையமாகத் தழும்பு (புண் ஆறிக் கெட்டித்த தோல்) கட்டியிருந்தது.

"இது இனி இளகாது. விருத்தசேதனம் செய்யிறதுதான் நல்லது," என்றார் (முன்தோலை அகற்றும் சிறு அறுவை). "முடிவை நீங்கள்தான் எடுக்க வேணும்."

"ஊரில் மதம் மாறிவிட்டேன் என்பார்களே, டாக்டர்?"

"உங்கட சமயம் அந்தத் தோலுக்குள்ளயோ இருக்குது?" என்றார் சிரிக்காமல். "வீட்டுக்காரியிட்டச் சொல்லிப்போட்டு வாங்கோ. ஆறு கிழமை கவனமாய் இருக்க வேணும்."

அன்று மத்தியானம் கமலத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"அப்ப விரதமெல்லாம்?"

"பொய்தான்."

"எட்டு மாசம் நானும் உங்களோட உப்பில்லாம சாப்பிட்டேனே! என்னைப் பிடிக்கலையோ, வேற எவளாச்சும் இருக்காளோன்னு குமுறிக்கிட்டு, உங்க பக்தியைச் சந்தேகப்படுறது பாவம்னு மாரியம்மனுக்கு வேற நேர்ந்துக்கிட்டேன்!"

அழுதாள். வலியைவிட அதைப் பார்ப்பது கொடுமையாக இருந்தது. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "போய் அறுத்துக்கிட்டு வாங்க. யாரு கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்," என்றாள்.

மரத்துப்போக ஊசி போட்டுத்தான் அறுத்தார்கள். ஊசிதான் வலித்தது. வீட்டுக்கு வந்ததும் கால்களை அகட்டி வாத்துபோல நடந்தேன். கடுமையான அங்கப்பிரதட்சணம் என்று கமலம் எல்லோருக்கும் சொல்லிவைத்தாள். எஞ்சின் டிரைவர் என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்து, முழுக்க ஆறிவிட்டது என்றார் டாக்டர். ஓட்டமாக வந்து கமலத்திடம் சொன்னேன்.

"உங்களுக்கு ஆறிடுச்சு. எனக்கு ஆற எட்டு மாசம் ஆகும்," என்றாள்.

நியாயம்தான். ஆண்குறி என்னுடையது, முடிவும் என்னுடையது என்றுதான் நினைத்திருந்தேன். அது வலித்த எட்டு மாதமும் அவளுக்கும் வலித்திருக்கிறது. அந்த நாள்களை எந்த டாக்டரும் திருப்பித் தரமுடியாது. அதனால் பேசாமல் என் பாயிலேயே காத்திருந்தேன். எட்டு மாதம் ஆகவில்லை. எத்தனை நாள் ஆயிற்று என்று மட்டும் எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.