வெப்சைட்டுக்கு ஆள் பிடிக்கிறவள்

கடைக்காரர் வாசலில் நின்று ஆள் கூப்பிடுவார்; அவருடைய வெப்சைட்டுக்கு ஆள் கூப்பிடுவது எங்கள் தொழில், கூப்பிடுகிற சத்தம் மட்டும் யாருக்கும் கேட்காது.

உங்களில் யாராவது இதே வேலையில் இருந்தால் நான் விளக்கவே வேண்டாம். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்ன வேலை என்று கேட்பார். கட்டுரை எழுதுகிறேன் என்போம். எந்தப் பரீட்சைக்கு என்பார். அதற்குள் ரசம் வந்துவிடும், நாமும் தப்பித்துக்கொள்வோம்.

எனக்கு ஊர் எரியோடு. தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு, பள்ளிக்கூட வேலைக்குக் காத்திருந்து அலுத்துப்போய், திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் இருந்த சின்ன ஆபீஸில் சேர்ந்தேன். சுற்றுவட்டாரத்துக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிற ஆபீஸ். ஜனங்கள் போனில் எதைத் தேடுவார்களோ அதற்குப் பதில் மாதிரி நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும். தேடுகிறவர் அதைப் படிக்க வருவார், படித்த கையோடு கடைக்காரருக்குப் போன் போடுவார். அப்படித்தான் எங்கள் முதலாளி ஜெயசீலன் சார் சொன்னார். மூன்று மாதம் பார்க்கலாம், ஆள் வந்தால் வேலை நிரந்தரம் என்றும் சொன்னார். வராவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முப்பது தடவை

முதல் கட்டுரை போர்வெல் பற்றி. வேடசந்தூரில் போர் லாரி வைத்திருக்கும் கருப்பையா அண்ணனுக்காக எழுதியது. தேடுகிற வார்த்தை கட்டுரையில் அடிக்கடி வந்தால்தான் தேடுபொறி நம்மை மேலே காட்டும் என்று சார் பாடம் எடுத்திருந்தார். அடிக்கடி என்றால் எத்தனை என்று அவர் சொல்லவில்லை. படிப்பில் நான் எப்போதுமே கேட்டதற்கு மேலேயே எழுதுகிறவள். "வேடசந்தூர் போர்வெல்" என்பதை முப்பது இடத்தில் வைத்தேன். "வேடசந்தூரில் போர்வெல் போட வேடசந்தூர் போர்வெல் வேண்டுமா? வேடசந்தூர் போர்வெல் என்றாலே" என்று ஆரம்பித்தது.

கருப்பையா அண்ணன் ஆபீஸுக்கே வந்துவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனைக் கை நீட்டத்துக்குப் பிடித்து, முழுக் கட்டுரையையும் சத்தமாக வாசித்தார். இடது கை விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டே இருந்தது எதற்கென்று எனக்குப் புரியவில்லை. என் எழுத்தை முதல்முதலாக ஒருவர் வாய்விட்டு வாசிக்கிறாரே என்று பூரித்துப்போய் நின்றேன். முடித்துவிட்டுப் போனை மேஜையில் வைத்தார். கோபமே படவில்லை. "ஏந்தாயி, ஒரே எடத்துல முப்பது ஓட்டை போட்டா எதுல தண்ணி வரும்?"

நாய் குரைக்கவில்லை

அடுத்தது கீரனூர் பக்கம் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் பொன்னுசாமி ஐயா. இந்த முறை வார்த்தைகளை அடக்கி வாசித்தேன். தென்னங்கன்றுக்குக் குழி எத்தனை அடி, எந்தப் பட்டத்தில் நடலாம் என்றெல்லாம் எழுதினேன். முதல் மாதத்திலேயே நானூறு பேர் வந்துவிட்டார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. நானே போன் போட்டு, உங்கள் பண்ணைக்கு இந்த மாதம் நானூறு விசிட்டர்கள் வந்திருக்கிறார்கள் ஐயா என்றேன்.

அப்படிங்களா என்று கேட்டுக்கொண்டார். பிறகு அவர் நிதானமாக விவரம் சொன்னார். வெப்சைட் போட்டால் ஆள் வரும் என்று சார் சொன்னதை நம்பி, வண்டிப் பாதையில் முள் வெட்டி, வேப்பமரத்தடியில் நான்கு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மண்பானையில் தண்ணீரும் வைத்திருக்கிறார். ஒரு மாதமாகத் தினமும் நாற்காலியைத் துடைத்தும் வைத்திருக்கிறார். வந்தவர்கள் போனில்தான் வந்தார்கள் என்று எப்படி விளக்குவது என்று நான் யோசிப்பதற்குள் அவரே கேட்டுவிட்டார். "ஏனுங்க, நானூறு பேர் வந்தாங்கன்னு சொல்றீங்க, எங்க நாய் ஒருக்காக்கூடக் கொலைக்கலீங்களே?"

வேர் வைத்தியம்

ஆள் வந்தால் மட்டும் போதாது, வந்த ஆள் நேரில் வர வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்து ஒரு பல் டாக்டரம்மா. வேர் சிகிச்சை என்கிற ரூட் கெனால் பற்றி ஜனங்களுக்கு இருக்கிற பயத்தைப் போக்க ஒரு கட்டுரை கேட்டார். நான் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். மரத்துப்போக எங்கே ஊசி போடுவார்கள், எந்தக் கருவியால் எவ்வளவு ஆழம் குடைவார்கள், நரம்பை எப்படி வெளியே எடுப்பார்கள் என்று ஒன்று விடாமல் எழுதி, பத்திக்குப் பத்தி "அஞ்ச வேண்டாம்" என்று முடித்தேன். கட்டுரை பிய்த்துக்கொண்டு ஓடியது. அதுவரை எங்கள் ஆபீஸில் எந்தக் கட்டுரைக்கும் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. சார் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

பஜ்ஜி செரிப்பதற்குள் டாக்டரம்மா கூப்பிட்டார். நாள் வாங்கியிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிறார்களாம். கிளினிக்கில் காத்திருந்த ஒரு பெரிய மனுஷர், பொழுது போகாமல் அங்கேயே உட்கார்ந்து என் கட்டுரையைப் படித்திருக்கிறார். பாதியில் எழுந்து செருப்பை மாட்டியிருக்கிறார். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. ஒரு டாக்டருக்கு உரிய பொறுமையோடு சொன்னார். "உங்க கட்டுரை நல்லா வேல செய்யுதும்மா, படிச்ச ஒடனே அவருக்கு வலி போயிருச்சாம்."

கடற்காற்று

மூன்றாவது மாதம் பிறந்தது. சார் ஒரு நாள் என் மேஜைக்கு வந்து தயங்கித் தயங்கிப் பேசினார். கட்டுரை எழுதுகிற மிஷின் ஒன்று வந்திருக்கிறது. கம்ப்யூட்டரில் கேள்வியை அடித்தால் டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்துவிடுகிறது. இனி அது எழுதட்டும், நீ படித்துப் பார்த்துச் சரி என்று சொன்னால் போதும் என்றார். சரிங்க சார் என்றேன். அன்று மத்தியானம் முழுக்க, தம்பி பிறந்த வீட்டில் மூத்த பிள்ளை உட்கார்ந்திருக்குமே, அப்படி உட்கார்ந்திருந்தேன்.

அந்த மிஷின் முதலில் எழுதியது வேடசந்தூர் ரோட்டில் ரூம் வசதியோடு இருக்கும் ஒரு ஹோட்டலுக்காக. இரண்டு பத்தி படித்தேன். ஒரு பிழை இல்லை. எனக்கு வராத அழகான தமிழ். வயிற்றெரிச்சலில் மிச்சத்தைப் படிக்காமலே சரி என்று அனுப்பிவிட்டேன். இதை உங்களிடம் மறைக்க முடியாது, நீங்களும் ஒரு நாளாவது செய்திருப்பீர்கள். ஐந்தாவது பத்தியில், விடியற்காலையில் பால்கனியில் நின்றால் கடற்காற்று முகத்தை வருடும் என்று எழுதியிருந்ததாம். வெளியூரிலிருந்து ஒரு குடும்பம் போன் போட்டு, ரூமிலிருந்து கடலுக்கு நடந்து போகலாமா, ஆட்டோ பிடிக்க வேண்டுமா என்று விசாரித்திருக்கிறது. ஹோட்டல்காரர் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "எங்கூர்ல கடல் இல்லீங்க, கடலக்காடுதான் இருக்குன்னு சொல்லிட்டேன், சரிதான தாயி?"

ஆறு மணியும் ஆறே காலும்

படிக்காமல் அனுப்பியது நான்தான் என்று சாரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் என் கண் முன்னாலேயே ஹோட்டல்காரருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது. மறுநாள் ஒரு வேலையை என்னிடம் நீட்டி, இதை நீயே எழுது, மிஷினிடம் கொடுக்க வேண்டாம் என்றார். வேடசந்தூரில் தையல் கடை வைத்திருக்கும் ஸ்டெல்லா அக்காவின் வெப்சைட். ஸ்டெல்லா அக்கா தனி ஆள். இரண்டு தையல் மிஷின், ஒரு கண்ணாடி அலமாரி. அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் வாடிக்கை. எதிரே பெரிய ரெடிமேட் கடை வந்ததிலிருந்து கூட்டம் குறைந்துவிட்டது. இந்த மாதமும் இப்படியே போனால் கடையைப் பூட்டிவிட்டுத் திருப்பூரில் ஏதாவது கம்பெனியில் போய் உட்கார வேண்டியதுதான் என்று முடிவு செய்திருந்தார். என் மேல் அவருக்கு நம்பிக்கையே இல்லை. ஆனாலும் டீ வாங்கிக் கொடுத்தார்.

கம்ப்யூட்டரில் எதையும் தேடாமல் இரண்டு நாள் அந்தக் கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்கு அக்கா கடையைச் சாத்துவார். ஆறே காலுக்கு முக்கில் ஸ்பின்னிங் மில் பஸ் வந்து நிற்கும். தலையில் பஞ்சு ஒட்டியபடி பெண்கள் இறங்குவார்கள், சாத்திய கதவைப் பார்ப்பார்கள், ஹாஸ்டலுக்கு நடப்பார்கள். நான் பின்னாலேயே போய்ப் பாண்டீஸ்வரி என்ற பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். அளவு ஜாக்கெட் ஊரில் கிடக்கிறது, அது இல்லாமல் தைப்பார்களா என்று தெரியவில்லை. கேட்கலாம் என்றால் கடை திறந்திருப்பதில்லை என்றாள். அக்காவிடம் வந்து சொன்னேன். பஸ் வருகிற நேரமே அவருக்குத் தெரியாது. வீட்டில் மாவாட்ட வேண்டும் என்று ஆறு மணிக்குச் சாத்திப் பழகிவிட்டார், அவ்வளவுதான்.

அரைப் பக்கம் எழுதினேன். "அளவு ஜாக்கெட் இல்லாமல் ஜாக்கெட் தைக்க முடியுமா?" என்று தலைப்பு. முடியும், அக்காவே அளவெடுப்பார், கடை இனி எட்டு மணி வரை திறந்திருக்கும், மில் சூட்டுக்கு எந்தத் துணி தாங்கும், ஞாயிற்றுக்கிழமை வாங்கிக்கொள்ளலாம். வெப்சைட்டில் போட்டுவிட்டு, பாண்டீஸ்வரிக்கும் அனுப்பிவைத்தேன். முதல் வாரம் அதைப் படித்தவர்கள் பதினொரு பேர். கடற்காற்றுக் கட்டுரைக்கே இதைவிடப் பல மடங்கு கூட்டம். நான் பஸ்ஸில் வேலை வாய்ப்பு விளம்பரம் படிக்க ஆரம்பித்தேன்.

இரண்டாவது வாரம் ஸ்டெல்லா அக்கா போன் போட்டு, சாயங்காலம் கடைக்கு வா என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. வெப்சைட்டே வேண்டாம் என்று நேரில் சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே போனேன். ஆறே காலுக்குப் பஸ் நின்றது. ஏழு பெண்கள் இறங்கி, நேரே கடைக்குள் வந்தார்கள். முன்னால் பாண்டீஸ்வரி. ஹாஸ்டல் பெண்களின் குரூப்பில் அவள் அதைப் போட்டிருக்கிறாள். ஒருத்தி போனைக் காட்டி, இதில் போட்டிருக்கிற மாதிரி அளவெடுப்பீர்களா என்று கேட்டாள். உள்ளே இடமில்லாமல் நான் வாசலில் நின்றேன். நான்கு நாளாக இப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. கழுத்தில் டேப்பும் வாயில் குண்டூசியுமாக அக்கா என்னைப் பார்த்தார். குண்டூசியை எடுத்துவிட்டுச் சொன்னார். "ஆள் புடிச்சுக் குடுத்துட்ட, சரி, உள்ள வந்து கொக்கி தைக்கவும் ஒரு ஆளப் புடிச்சுக் குடு."

ஒரு மணி நேரம் கொக்கி தைத்தேன். பாண்டீஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கட்டுரையை எழுதினது நான்தானா என்று கேட்டாள். ஆமாம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவள் ஒரு தடவை போனைப் பார்த்தாள், ஒரு தடவை என்னைப் பார்த்தாள். "பேசுன மாதிரியே இருக்குக்கா, படிச்சவுக எழுதுன மாதிரியே இல்ல."

நிரந்தரம்

மூன்று மாதம் முடிந்த அன்று காலையில் இருந்தே நான் சாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மிஷின் எழுதிய எதையோ படித்துக்கொண்டிருந்தார். அது போய்விடவில்லை, இப்போதும் எங்கள் ஆபீஸில்தான் இருக்கிறது, அது எழுதுவதை நான் கடைசி வரி வரை படிக்கிறேன். வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் பையை எடுத்துக்கொண்டு அவர் மேஜை முன்னால் போய் நின்றேன். வேலை நிரந்தரமா என்று கேட்கத்தான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் நிமிராமலே சொன்னார். "நாளைக்கு ஒட்டன்சத்திரம் தக்காளி மண்டி, வெள்ளன போனாத்தான் ஆளுக பேசுவாங்க, பஸ்ஸு எத்தன மணிக்குன்னு பாத்துக்க."

கதை எழுதுகிறவர்களுக்கு வாசகர்கள் கடிதம் போடுவார்கள், எங்களுக்கு வாசகர்கள் அளவு கொடுக்க வருவார்கள். இரண்டில் எது பெரிது என்று எம்.ஏ.வில் சொல்லித் தரவில்லை.