பரமத்தி வேலூரிலிருந்து சேலம்: உடலுக்குள் கதிரை அளந்த மெல்லிய இழை

இதுவரை அருவிகளையும் மலைப்பாதைகளையும் பற்றித்தான் இந்த வலைப்பதிவில் எழுதியிருக்கிறேன். இந்தப் பயணம் அப்படியல்ல. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று தெரிந்து, வெளியிலிருந்து தரும் கதிர்வீச்சு முடிந்ததும், சென்ற மாசியில் உள்கதிர் சிகிச்சைக்காகச் சேலம் போனேன். அரிசியளவுகூட இல்லாத ஒரு கதிர்மூலத்தைக் குழாய் வழியாக உடலுக்குள் அனுப்பி, சில நிமிடம் வைத்திருந்து, திரும்ப இழுத்துக்கொள்வார்கள். மூன்று முறை போக வேண்டும். இது இரண்டாவது. இதே சிகிச்சைக்குப் போகிற யாராவது தேடிப் படிக்கக்கூடும் என்றுதான் எழுதுகிறேன்.

காலை ஐந்தரைக்குப் பரமத்தி வேலூரில் கரூர்–சேலம் பேருந்தில் ஏறினோம். ஏறத்தாழ எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். துணைக்கு என் கணவர். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர்.

"தண்ணி குடிக்கிறயா புள்ள?" என்றார் நாமக்கல்லில்.

"மயக்க ஊசி போடுவாங்க, வெறும் வயித்தோட வரச் சொன்னாங்கல்லங்க."

ராசிபுரம் பிரிவில் மறுபடி அதையே கேட்டார். பயத்தில் இருக்கிறார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் பயமே எனக்குப் பெரிதாக இருந்தது.

மருத்துவமனையில் முதுகில் ஊசி போட்டதும் இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது. குழாய்களை வைத்து, ஸ்கேன் எடுத்து, சிகிச்சை அறைக்கு மாற்றினார்கள். கதிரின் அளவைக் கணக்கிடும் இயற்பியலாளர் ஆத்தூர்ப் பக்கத்துப் பெண். போன முறை நான் பார்க்காத, கறுப்பு உறை போட்ட ஓர் இழையைக் காட்டினார். தூண்டில் நரம்பு போல இருந்தது.

"கதிர் பட்டா இதோட நுனியில வெளிச்சம் வரும்க்கா. கண்ணுக்குத் தெரியாது. அந்த வெளிச்சம் இழை வழியா வெளிய வரும், நாங்க அளப்போம். பக்கத்துல இருக்கிற மலக்குடல்ல எவ்வளவு படுதுன்னு அப்பப்பவே தெரிஞ்சிடும்."

"சுடுமுங்களா?"

"சுடாதுக்கா. அசையாம மட்டும் இருங்க."

இழையை உள்ளே பொருத்திவிட்டு எல்லோரும் வெளியே போனார்கள். கனத்த கதவு மூடியது. கதிரைப் பார்க்க முடியாது, முகர முடியாது. அறையில் நான் ஒருத்தி மட்டும். இயந்திரம் கிர்ரென்று ஓடத் தொடங்கியது. உடனேயே நின்றுவிட்டது.

போன முறை வெகுநேரம் ஓடியது. அந்தக் கதிர்மூலம் எனக்குள்ளேயே சிக்கிக்கொண்டது, அதனால்தான் யாரும் உள்ளே வரவில்லை என்று நினைத்தேன். எழுந்து ஓடலாமென்றால் கால் இருப்பதே தெரியவில்லை. "யாராவது வாங்க! ஏனுங்க!" என்று கத்தினேன்.

ஒலிபெருக்கியில் அந்தப் பெண்ணின் குரல். "அக்கா, நாங்கதான் நிறுத்தினோம். கதிர்மூலம் அதோட பெட்டிக்குள்ள திரும்பிப் போயிடுச்சு. இதோ வரேன்."

இழை காட்டிய அளவு கணக்குக்கு மேலே ஏறியிருக்கிறது. கட்டிலில் இருந்து கட்டிலுக்கு மாற்றியபோது குழாய் சற்று நகர்ந்திருந்தது. மரத்துப்போன எனக்கு அது தெரியவேயில்லை. சில விநாடிகளில் நிறுத்தியதால் கெடுதல் ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். குழாயைச் சரிசெய்து, மறுபடி ஸ்கேன் எடுத்து, கணக்குப் போட்டு, பிற்பகலில் மீண்டும் தொடங்கினார்கள். இந்த முறை அளவு ஒத்துப்போனது. அத்தனை நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

மாலையில் டாக்ஸி பிடித்தோம், இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். மல்லூர் தாண்டியதும் என் கணவர் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப்போய் வேலியோரம் குனிந்து நின்றார்.

"சாருக்கு வாந்திங்களா?" என்றார் டிரைவர்.

வாந்தியில்லை, அழுகை. திரும்பி வந்து உட்கார்ந்தார். "கதவுக்கு மேல செவப்பு லைட்டு பொசுக்குன்னு அணைஞ்சுது. அந்தப் புள்ள உள்ள ஓடுது. என்னன்னு கேக்க ஒரு நாதியில்ல. நீ போயிட்டேன்னே நெனச்சுப்போட்டேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சிகிச்சை நடக்கும்போதே உள்ளே அளக்கிறார்களா என்று கேளுங்கள். எல்லா இடத்திலும் இந்த இழை இல்லை. இல்லையென்றால் வேறு எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்று கேளுங்கள், சொல்வார்கள். திரும்பும்போது பேருந்து வேண்டாம், மரப்பு விட்டதும் வலிக்கும். மூன்றாம் முறைக்கு எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் நாத்தனாரையும் வரச் சொல்லியிருக்கிறேன், எனக்காக அல்ல. கதவுக்கு வெளியே காத்திருப்பவரைத் தனியாக விடாதீர்கள்.