கமலாவின் இன்னொரு பெயர்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு, வெல்டிங் பழகி, காட்டூரில் சொந்த ஷெட் போட்டவன். கைலாசபுரத்துப் பெரிய ஃபேக்டரி இன்ஜினியர்களே என் வேலையைத் தடவிப் பார்த்துவிட்டுக் குறை சொல்லாமல் போவார்கள். கண்ணால் பார்க்காததை நான் நம்பியதில்லை. இதைக் கண்ணால் பார்த்தேன், அதுதான் தொல்லை. நீங்கள் சிரித்தாலும் சரி.

கம்பெனிக்கு வெப்சைட் வேண்டும் என்று பாலக்கரையில் கம்ப்யூட்டர் வேலை செய்கிற நஸ்ரினிடம் போனேன். நான் வளர்ந்த கதையை நானே சொல்லச் சொல்ல அந்தப் பெண் டைப் அடித்தது. கமலாவைப் பற்றி ஒரே வரி: ஸ்ரீரங்கத்துப் பெண், என் மனைவி. பேரை வெறுமனே எழுதினால் அது ஆளா, கடையா, ஊரா என்று மெஷினுக்குத் தெரியாதாம். அதனால் ஒவ்வொரு பேருக்கும் பின்னால், இவர் மனிதர், இன்ன ஊர், இன்னாருக்கு இன்ன உறவு என்று கண்ணுக்குத் தெரியாத குறி போட வேண்டுமாம். எனக்குப் பிடித்துப் போயிற்று, என் பெயர் வருகிற ஒரு இடம் விடாமல் குறி போடு என்றேன்.

முடித்ததும், மெஷின் யார் யாரை அடையாளம் கண்டிருக்கிறது என்று நஸ்ரின் சோதித்துக் காட்டியது. முதலில் நான். அடுத்தது கமலா. ஊர், ஸ்ரீரங்கம். உறவு, என் மனைவி. அதற்குக் கீழே: வேறு பெயர், தும்பி.

"இதை யாரும்மா போட்டது?"

"நீங்க சொன்னாதானேங்க ஐயா நான் போடுவேன்."

எழுதியதையெல்லாம் திறந்து காட்டியது. அந்த வார்த்தை எங்குமே இல்லை. மறுபடி சோதித்தால் மறுபடி தும்பி.

கமலாவின் அப்பாவே அவளைக் கமலி என்றுதான் கூப்பிடுவார், தும்பி என்று வீட்டில் யாரும் கூப்பிட்டதில்லை. கார் காட்டூரில் எங்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள், அந்தக் காலத்தில் அவள் தெருவில் சைக்கிள் வைத்திருந்த ஒவ்வொருவனையும் மனசுக்குள் நிறுத்தி விசாரித்து முடித்திருந்தேன்.

கமலா அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்று மெதுவாக, "தும்பி" என்றேன்.

"இதோ வந்துட்டேன்" என்று திரும்பினாள். நம்பினால் நம்புங்கள், இத்தனை வருஷத்தில் அப்படி மலர்ந்த முகத்தை அவள் எனக்குக் காட்டியதே இல்லை. நான் என்று தெரிந்ததும் அது அணைந்துபோனது.

"யாரு உன்னை அப்படிக் கூப்பிட்டது?"

"தோசை ஆறுது. உக்காருங்க."

அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை, எத்தனையோ முரட்டு கான்ட்ராக்டர்களைப் பேச வைத்த என்னால்.

மறுநாளே கமலாவின் வரியை மொத்தமாக எடுக்கச் சொன்னேன். நஸ்ரின் எடுத்துவிட்டுச் சோதித்தது. முதலில் நான். அடுத்தது தும்பி. ஊர், ஸ்ரீரங்கம். உறவு என்ற இடம் மட்டும் காலி.

எப்படி என்று நஸ்ரினுக்கும் தெரியவில்லை. அந்தச் சோதனையை எனக்கே செய்யக் கற்றுக்கொடுத்திருக்கிறது. தினமும் காலையில் ஷெட்டைத் திறந்ததும் முதல் வேலையாக அதைத்தான் பார்க்கிறேன், அந்தக் காலி இடத்தில் எவன் பேராவது வந்திருக்கிறதா என்று.