முழங்கால் உயரத்தில் மாட்டிய அலாரம்

முதலில் வந்தது இருமல் இல்லை, கண்ணெரிச்சல். அம்பத்தூரில் மீன் பதப்படுத்தும் கம்பெனி ஒன்றின் கம்ப்ரசர் அறையில் ஆபரேட்டராக இருந்தேன். குளிரூட்டுவதற்கு அம்மோனியா ஓடும் அறை அது. அந்த நெடி எங்களுக்குச் சோறு கொதிக்கும் வாசனை மாதிரி பழகிப்போயிருந்தது. பழகிய மூக்கு எதையும் சொல்லாது. அதற்காகத்தான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கசிவு வந்தால் அலறும் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினார்கள்.

எங்கே மாட்டினார்கள் என்கிறீர்கள்? முழங்கால் உயரத்தில். கேன்டீனில் சமையல் கேஸுக்கு அலாரம் மாட்டிய அதே ஆள்தான் இதையும் மாட்டினார். சமையல் கேஸ் தரையில் தங்கும். அம்மோனியா காற்றைவிட லேசு, மேலே ஏறும். யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கர்மம்.

அன்று தலைக்கு மேலிருந்த வால்வில் கசிவு. கீழே பெட்டி பச்சை விளக்கோடு சும்மா இருந்தது. அதை நம்பி, கண் ஏன் எரிகிறது என்று பார்க்க ஏணியில் ஏறி, வாயு திரண்டிருந்த இடத்துக்குள்ளேயே தலையை நீட்டினேன். நான் விழுந்து, வாயு அறை முழுக்க நிறைந்த பிறகுதான் பெட்டி அடித்தது.

மூச்சுக்குழாய் வெந்துவிட்டது என்றார்கள். ஆக்சிஜன், ஸ்டீராய்டு (வீக்கத்தைக் குறைக்கும் மருந்து), நெபுலைசர் (மருந்தைப் புகை மாதிரி உள்ளே அனுப்பும் கருவி). புண் ஆறியது. பிராங்கோஸ்பாசம் (மூச்சுக்குழாய் திடீரென இறுகுவது) மட்டும் தங்கிவிட்டது. ஊதுவத்தி, தாளிப்பு, பஸ் புகை, எது பட்டாலும் நெஞ்சு பூட்டிக்கொள்ளும்.

"எப்ப சார் சரியாவும்?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"இதோட பழகிக்கணும்ப்பா."

பழகு என்று சொல்லாதவர் ஒருவர் பாக்கியில்லை. இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அப்படிச் சொல்பவர்கள் மேல் எரிச்சல் வந்தால் வரட்டும், அடக்காதீர்கள்.

ஒருநாள் ஏழுமலை கொரட்டூர் வீட்டுக்கு வந்தான். என் மனைவியின் தம்பி. அந்த அறையில் என் இடத்தில் இப்போது நிற்பவன்.

"பெட்டிய மேல ஏத்திட்டாங்க மாமா."

"மேலன்னா எங்கடா?"

"காத்து வர ஜன்னலாண்ட. கம்ப்ரசராண்ட வெச்சா அடிச்சிகினே கீதாம்."

தலையில் அடித்துக்கொண்டேன். வெளிக்காற்று வீசும் இடத்தில் அதற்கு என்ன தெரியும்? மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "நீ பட்டது பத்தாதா? எந்தம்பியும் படணுமா? போய் கேளுய்யா" என்றாள்.

போனேன். "அடிச்சா வேலை நின்னுடுதுப்பா" என்றார் மேனேஜர். பேசிக்கொண்டே கம்ப்ரசர் அறை வாசலைத் தாண்டியதும் எனக்கு நெஞ்சு பூட்டிக்கொண்டது. இருமி இருமி தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஜன்னலருகே பெட்டி பச்சையாகவே இருந்தது. கந்தகத் திரியைக் கொளுத்தி ஒவ்வொரு இணைப்பாகக் காட்டிப் பார்த்தார்கள். ஒன்றில் வெள்ளைப் புகை கிளம்பியது, கசிவு அங்கேதான். மேனேஜர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த வாரமே அதைக் கழற்றி, கம்ப்ரசருக்கு நேர் மேலே கூரையை ஒட்டி மாட்டினார்கள்.

"தொல்ல தாங்கல மாமா, சும்மா சும்மா கத்துது" என்று அடுத்த முறை வந்தபோது ஏழுமலை சலித்துக்கொண்டான்.

"கத்தட்டும்டா. நீ வெளிய ஓடி வந்துடு" என்றேன். அந்த நாலைந்து வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அவன் காத்திருந்தான்.